சோர்ந்து போகலை, தளர்ந்தது

ஆட்டு இதயத்து மேல கொடி மாதிரி ஓடற ரத்தக்குழாயை உரிச்செடுத்து, வளையம் வளையமா நறுக்கி, கொக்கியில மாட்டி, அது எப்போ இறுகும் எப்போ தளரும்னு பொழுதுக்கும் முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுதான் என் தொழில். இதுக்கு ஆராய்ச்சின்னு பேரு. வேலை பாக்கறது கல்கத்தாவுல ஜாதவ்பூர் பக்கம் ஒரு லேப்ல, வீடு லேக் கார்டன்ஸ்ல. பூர்வீகம் திருநெல்வேலி, சுத்த சைவம். சாப்பிடறது தமிழ்ல, சண்டை போடறது பெங்காலியில.

என்னை மாதிரி லேப்ல கெடந்து வேகற ஜீவன்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். மத்தவங்களுக்காக ஒரே ஒரு தடவை சொல்றேன். நிலவேம்பு தெரியும் இல்ல? இங்க அதுக்குக் கால்மேக்னு பேரு. கல்கத்தாவுல வளர்ந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் மூஞ்சியைச் சுளிக்கும், மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்தியிருப்பாங்க. அந்தச் செடியிலேர்ந்து ஒரு கசப்பைத் தனியாப் பிரிச்சு வெச்சிருக்கோம். இறுகிப் போன ரத்தக்குழாய் மேல அதை ஒரு சொட்டு விட்டா குழாய் தளருது. எப்படித் தளருதுங்கறதுதான் என் தீஸிஸ். குழாயோட உள்பக்கம் வெங்காயத்தோல் மாதிரி ஒரு மெல்லிசு தோல் இருக்கு. கசப்பு பட்டதும் அந்த உள்தோல் துளியூண்டு ஒரு வாயுவை விடுது. அந்த வாயு சுத்தி இருக்கற தசைகிட்ட போய், 'போதும், விடு'ன்னு சொல்லுது. தசை விட்டுடுது. இது நான் சொல்றது. இதை நம்ப வைக்கறதுக்குள்ள நான் பட்ட பாடுதான் கீழே இருக்கறது.

பிழியாதீங்க பாய்

என் நாள் ஆரம்பிக்கறது கறிக்கடையில. கரீம் பாய் கடை, ஸ்டேஷன் போற வழியில. மத்தவங்க தொடைக்கறி, ஈரல்னு கேப்பாங்க. நான் ஐஸ் போட்ட உப்புத்தண்ணி பிளாஸ்க்கோட நின்னு, 'இதயம், சூடா, முழுசா'ன்னு கேப்பேன். பாய் நல்ல மனுஷன். அவர்கிட்ட இருந்த பிரச்சனையே அந்த நல்ல குணம்தான். படிச்ச பொண்ணு, ரத்தம் சொட்டச் சொட்டக் குடுக்கக் கூடாதுன்னு இதயத்தை எடுத்து ரெண்டு கையாலயும் நல்லாப் பிழிஞ்சு, மரக்கட்டையில ஒரு தட்டு தட்டி, குழாய்த்தண்ணியில கழுவித் தருவார். பிழிஞ்சா என் உள்தோல் காலி. உள்தோல் இல்லாத வளையத்துல எந்தக் கசப்பை ஊத்தி என்ன பண்றது?

ஒரு ஞாயித்துக்கிழமை, வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. பாய் கை இதயத்து மேல போகுது. 'பிழியாதீங்க பாய், தொடாதீங்க, அப்படியே போடுங்க'ன்னு நான் கத்தினேன். எனக்குப் பின்னாடி இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பாவுல ஒரு பெரியவர். 'என்னம்மா, நாங்கள்லாம் காத்துட்டிருக்கோம், உனக்கு மட்டும் தனி உபசாரமா'ன்னார். 'நீங்க கேக்கறது கொழம்புக்கு ஸார், ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கினாலும் அதே ருசிதான். என்னது செத்துடும்'னேன். 'அது ஏற்கனவே செத்துதானே போச்சு'ன்னார். ஆடு செத்துப் போச்சு, ரத்தக்குழாய் இன்னும் சாகலை, உப்புத்தண்ணியும் பிராணவாயுவும் குடுத்தா சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருக்கும்னு நான் வரிசை முழுக்கக் கேக்கற மாதிரி பாடம் எடுத்தேன். அவர் விடலை. இதயத்துல என்ன பதார்த்தம் பண்ணுவீங்க, மசாலா என்னன்னு கேட்டார். பாய் கத்தியைத் துடைச்சுட்டே எனக்கு முன்னாடி பதில் சொன்னார்: "பெரியவரே, இந்தப் பொண்ணு ஆட்டைத் திங்காது. பரீட்சை வைக்கும்."

யார் ஊத்தினது

தீஸிஸ் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பாக்க ஒரு கமிட்டி, வருஷா வருஷம் அது முன்னாடி நிக்கணும். அந்த வருஷம் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுதான் போனேன். திரையில என் படம். கண்ணாடிக் கிண்ணத்துல வெதுவெதுப்பா உப்புத்தண்ணி, அதுக்குள்ள ரெண்டு கொக்கிக்கு நடுவுல வளையம். வளையம் எவ்வளவு இழுக்குதுன்னு கம்ப்யூட்டர்ல ஒரு கோடு ஓடும். முதல்ல ஒரு மருந்து குடுத்து இறுக்குவோம், கோடு மலை மாதிரி ஏறி மேல நிக்கும். அப்புறம் கசப்பு. கோடு சறுக்குமரத்துல எறங்கற மாதிரி எறங்கும். எவ்வளவு அழகான கோடு தெரியுமா? சில பேர் குழந்தை போட்டோவைக் காட்டுவாங்க இல்ல, நான் அதைக் காட்டுவேன்.

கமிட்டியில வேற டிபார்ட்மெண்ட்லேர்ந்து பட்டாச்சார்ஜி ஸார். ரிட்டையர் ஆகற வயசு, வெத்தலை மாதிரி வார்த்தையை மென்னு மென்னு பேசுவார். 'குழாய் தளரலையேம்மா, சோர்ந்து போச்சு'ன்னார். 'நீயும்தான் ரெண்டு மணி நேரம் முஷ்டியை இறுக்கிப் பிடிச்சுட்டு நில்லேன், தானா விட்டுடுவே. அதுக்குக் கால்மேக் எதுக்கு?' இல்ல ஸார், கசப்பு விட்டதும் உடனே எறங்குதுன்னேன். 'யார் ஊத்தினது?' நான்தான். 'கோட்டைப் படிச்சது?' நான். 'எறங்கணும்னு ஆசைப்படறது?' நான் பதிலுக்கு வாயைத் திறக்கப் போனேன். என் கைடு சுதேஷ்ணா மேடம் மேஜைக்கு அடியில என் காலை மிதிச்சாங்க, வாயைத் திறக்காதேன்னு அர்த்தம்.

அடுத்த கமிட்டிக்குள்ள இதை நிரூபிக்கலேன்னா நிலவேம்பை மூட்டை கட்டிடணும், மேடத்தோட வேற பிராஜெக்ட்ல ஒட்டிக்கணும்னு முடிவாச்சு. அது என்ன பிராஜெக்டா? மாத்திரை எவ்வளவு நேரத்துல தண்ணியில கரையுதுன்னு பாக்கறது. அதையும் யாராவது செய்யத்தான் வேணும், ஆனா அது நான் இல்ல. வெளிய வந்ததும் மேடத்துகிட்ட, இந்த ஆளுக்கு என் மேல என்ன காழ்ப்புன்னு கத்தினேன். மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க: "காழ்ப்பு இருந்தா பாராட்டிட்டுப் போயிருப்பார். ஜர்னல்காரன் கேக்கப் போற கேள்வியை அவர் இப்பவே கேட்டுட்டார்."

சும்மா இருக்கறவங்க

கோபத்துல எனக்கு வேலை நல்லா ஓடும். மறுநாளே ரெண்டு வளையத்தைப் பக்கத்து பக்கத்துல மாட்டினேன், ரெண்டும் ஒரே ஆடு, ஒரே குழாய். ரெண்டையும் இறுக்கினேன். ஒண்ணுல கசப்பு. இன்னொண்ணுல கசப்பைக் கரைக்கற திரவம் மட்டும், வெறும் திரவம், அதே அளவு. அந்த வெறும் வளையம் சாயங்காலம் வரைக்கும் அசையாம மேலயே நின்னுச்சு. கொஞ்சூண்டு எறங்கிச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது வெயில்ல ஐஸ்கிரீம் சாயற மாதிரி. கசப்பு விட்டது படியில உருண்ட மாதிரி.

என் பக்கத்து டேபிள் மௌசுமி-தி, தி, தீதின்னா இங்க அக்கா. எனக்கு சீனியர், கல்யாணமாகி குழந்தை இருக்கு, லேப்லேயே நிதானமான கை அவங்களுதுதான். அவங்க வந்து பாத்துட்டு, 'இது ஏன் நாள் பூரா ஒண்ணுமே செய்யாம நிக்குது'ன்னாங்க. அதுதான் கண்ட்ரோல், அது ஒண்ணும் செய்யாம இருந்தாதான் இன்னொண்ணு வேலை செய்யறது தெரியும்னேன். மௌசுமி-தி அந்த வளையத்தைக் காட்டி சொன்னாங்க: "அப்ப எங்க வீட்டு சோபாவுலயும் ஒரு கண்ட்ரோல் இருக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அசையலை."

படிப்புக்கான சாமி

எல்லாம் கூடி வந்த நேரத்துல சரஸ்வதி பூஜை முடிஞ்சு சாமியைக் கரைக்கற ஊர்வலம். எங்க லேப் ஜன்னல் நேரா தெருவைப் பாத்தது. லாரியில அம்மன், பின்னாடி லாரியில ஆள் உயர ஸ்பீக்கர், நடுவுல கிளப் பசங்க ஆட்டம். என் கோடு மலை உச்சியில நிக்குது, இன்னும் ஒரு நிமிஷத்துல கசப்பை ஊத்தணும். திடீர்னு கோடு குதிக்க ஆரம்பிச்சது. டம், டம், டம்னு தாளத்துக்குச் சரியா. வளையத்தோட இழுப்பை அளக்கற சென்ஸாருக்கு ஒரு முடியோட பாரம் கூடத் தெரியும், அந்த ஸ்பீக்கர் தெரியாதா? செத்த ஆட்டோட ரத்தக்குழாய் டான்ஸ் ஆடுது.

கீழ எறங்கி லாரிக்கு முன்னாடி போய் நின்னேன். கிளப் செக்ரட்டரி, நெத்தியெல்லாம் அபீர்னு கலர் பொடி, என்ன தீதி பிரசாதம் வேணுமான்னார். பிரசாதம் வேண்டாம், அந்தச் சனியனை அணைங்க, மேல ஒரு ரத்தக்குழாய் பாதியில நிக்குதுன்னேன். அவர் பயந்து போய், ஆஸ்பத்திரியா, யாருக்கு ஆபரேஷன்னார். ஆட்டுக்குன்னேன். அங்க நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் விடலை, அந்த ஆடு என்ன, அந்தக் கோடு என்ன, கமிட்டி என்னன்னு எல்லாத்தையும் நடுத்தெருவுல வெச்சுச் சொன்னேன். பசங்க நிஜமாவே கேட்டாங்க. ஒருத்தன், 'கால்மேக்கா, எங்கம்மா குடுத்து நான் வாந்தி எடுத்தேன்'னான். கடைசியில சத்தத்தை அணைச்சுட்டு லாரியைத் தள்ளாத குறையா மெல்ல நகத்திட்டுப் போனாங்க. திருப்பத்துல செக்ரட்டரி திரும்பிப் பாத்து சொன்னது: "தீதி, படிப்புக்கான சாமியையே மௌனமாக் கூட்டிட்டுப் போறோம். இதுக்கப்புறமும் நீ பாஸ் ஆகலேன்னா எங்க தப்பு இல்ல."

போஸ் மாஷியோட பி.பி.

எங்களுக்குக் கீழ் வீட்டுல போஸ் மாஷி, மாஷின்னா சித்தி. அம்மாவோட சிநேகிதி. எங்கம்மாவுக்கு நான் கறிக்கடை வாசல்ல நிக்கறதே அவமானம், அதுவும் மாஷி சொல்லித்தான் தெரியும். 'ஏட்டி, கறிக்கடையில போயி மல்லுக்கு நிக்கியாமே, அவா சொல்லுதா. நம்ம வீட்டுப் பிள்ளை செய்யுத காரியமா இது'ன்னு அன்னைக்கு ஆரம்பிச்சவங்க இன்னும் முடிக்கலை. ஆனா வர்றவங்க போறவங்ககிட்ட 'எம் பொண்ணு ரத்தக்குழாய்க்கு மருந்து கண்டுபிடிக்கா'ன்னு பீத்திக்கறதும் அவங்கதான். அந்தப் பீத்தல்தான் வினையாச்சு. மாஷி பி.பி. மாத்திரையை நிறுத்திட்டு, காலையில வெறும் வயித்துல கால்மேக் சாறு குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. உன் மேல நம்பிக்கை வெச்சுதான்னு வேற சொன்னாங்க.

எனக்கு வந்த கோபத்துல படிக்கட்டே அதிர்ந்தது. மாஷி, நான் பாத்தது கிண்ணத்துல தொங்கற ஒரு சின்ன வளையத்துல. உங்க வயிறு கிண்ணம் இல்ல. குடிச்சது எவ்வளவு ரத்தத்துக்குப் போகும், போனதை ஈரல் என்ன பண்ணும், குழாய் வரைக்கும் என்ன மிச்சம் இருக்கும், ஒண்ணும் தெரியாதுன்னேன். 'அப்ப உன் மருந்து வேலை செய்யாதுங்கறியா'ன்னு எங்கம்மா குறுக்க வந்தாங்க. வேலை செய்யும்மா, ஆனா மனுஷங்ககிட்ட செய்யுமான்னு தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கே இவ்வளவு வருஷம் படிக்கணும்னேன். மாஷியைக் கையோட பாலிகஞ்ச்ல அவங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், ஒழுங்கா எல்லாத்தையும் சொல்ல வெச்சேன். பி.பி. ஏறித்தான் இருந்துச்சு. மறுபடியும் மாத்திரை. திரும்பி வர்ற ஆட்டோவுல மாஷி ரோட்டுப் பக்கம் பாத்துட்டே சொன்னாங்க: "இவ்வளவு படிச்சும் தெரியாதுங்கற பொண்ணை இப்பதான் பாக்கறேன். உங்கம்மா எல்லாம் தெரியும்னு சொன்னா, அதான் ஏமாந்துட்டேன்."

கட்டைவிரல்

கமிட்டி வந்துச்சு. வெறும் வளையத்தோட கோட்டைக் காட்டினேன். பட்டாச்சார்ஜி ஸார் பாத்தார், மென்னார். 'இதையும் நீதானே ஊத்தினே'ன்னார். நான் இதுக்காகவே காத்துட்டிருந்தேன். சரி ஸார், இன்னைக்கு நீங்க ஊத்துங்கன்னேன். லேப்ல நாலு கிண்ணம், நாலு வளையம், எல்லாம் இறுக்கித் தயாரா இருக்கு. நாலு சோதனைக்குழாய், ரெண்டுல கசப்பு, ரெண்டுல வெறும் திரவம். பாக்க நாலும் தண்ணி மாதிரிதான் இருக்கும். எது எதுன்னு மௌசுமி-திக்கு மட்டும்தான் தெரியும், அவங்க வெராந்தாவுல போய் நின்னுட்டாங்க. சோர்ந்துதான் போகுதுன்னா நாலு கோடும் ஒண்ணாதானே எறங்கணும்?

ஸாருக்கு உற்சாகம் வந்துடுச்சு. சட்டைக் கையை மடிச்சார். கையுறை வேண்டாம்னார், அவர் காலத்துல கிடையாதாம். முதல் சோதனைக்குழாயை எடுத்தார், வாயைக் கட்டைவிரலால மூடினார், தலைகீழாக் கவுத்து ரெண்டு குலுக்கு. அந்தக் காலத்து லேப் ஆளுங்க எல்லாருக்கும் இருக்கற பழக்கம். அப்புறம் ஊத்தினார். கோடு அசையலை. ரெண்டாவதையும் அதே மாதிரி குலுக்கி ஊத்தினார். கோடு மெல்ல எறங்க ஆரம்பிச்சது. அது எறங்கி முடியறதுக்கு நேரமாகுமே, அதுக்குள்ள வெளிய டீயும், பேரீச்சை வெல்லம் போட்ட பால் இனிப்பு, நொலேன் குர் சந்தேஷும் வந்திருந்தது. ஸார் போய் ஒண்ணை வாயில போட்டார். மூஞ்சி கோணிப் போச்சு. என்னாச்சு ஸார், கெட்டுப் போச்சான்னு மேடம் கேட்டாங்க. ஸார் கட்டைவிரலைப் பாத்தார். 'சந்தேஷ்ல கால்மேக்'னார். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுட்டே வந்து மூணாவதை ஊத்தினார், நின்னுச்சு. நாலாவதை ஊத்தினார், எறங்கிச்சு. ரெண்டு எறங்கிச்சு, ரெண்டு நின்னுச்சு. மௌசுமி-தி உள்ள வந்து சொன்னதும் அதேதான், ரெண்டாவதும் நாலாவதும் கசப்பு. ஸார் பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட.

எனக்கு அங்க நின்னு கும்பிட்டுட்டு வாங்கிக்கத் தெரியலை. போடாதீங்க ஸார்னேன். மேடம் என் காலைத் தேடினாங்க, நான் தள்ளி நின்னுட்டேன். 'ரெண்டாவது கசப்புன்னு சந்தேஷ் வாயில போட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. மிச்ச ரெண்டுல ஒண்ணுதான் கசப்புன்னும் தெரிஞ்சுகிட்டுதான் ஊத்தினீங்க. இது கண்ணைக் கட்டின சோதனை இல்ல, கண்ணைக் கட்டி நாக்கைத் திறந்து விட்ட சோதனை. யார் ஊத்தினது? நீங்க. யாருக்குத் தெரியும்? உங்களுக்கு. செல்லாது, மறுபடியும் பண்ணணும்.' ஸார், 'அட, எனக்கு எறங்கக் கூடாதுன்னுதானேம்மா ஆசை, எறங்கிடுச்சே'ன்னார். இருக்கட்டும், இப்படி ஒரு ஓட்டையை நான் உங்ககிட்ட கொண்டு வந்திருந்தா விட்டிருப்பீங்களான்னேன். அவர் பேனாவை மூடினார். கமிட்டி கலைஞ்சது. மேடம் என்னை ஓரமா இழுத்துட்டுப் போய் பல்லிடுக்குல சொன்னாங்க: "உன் வாயாலதான் உனக்கு ஆபத்து வரும்னு நெனச்சேன். இன்னைக்கு அவர் வாயால வந்தது, அதையும் நீயே கூப்பிட்டு உக்கார வெச்சுட்டே."

மூணாவது கோடு

அடுத்த வாரம் பட்டாச்சார்ஜி ஸார் கையுறை போட்டுகிட்டு வந்தார். சந்தேஷ் டப்பாவை வெராந்தாவுல வெச்சுட்டு, முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு அவரே சொன்னார். உள்ள வர்றதுக்கு முன்னாடி மௌசுமி-தியைத் தனியாக் கூப்பிட்டு ஏதோ குசுகுசுன்னு பேசினார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னாங்க ரெண்டு பேரும்.

என்னை வெளிய நிக்க வெச்சுட்டு, இந்தத் தடவை வளையத்தை மாட்டி இறுக்கினதும் மௌசுமி-திதான். அப்புறம் ஸார் ஊத்தினார், குலுக்காம. முதல் கோடு மலை மேலயே நின்னுச்சு. ரெண்டாவது சறுக்கிட்டு எறங்கி அடி வரைக்கும் போச்சு. மூணாவது எறங்கிச்சு, ஆனா பாதியில நின்னுடுச்சு. நாலாவது அசையவே இல்ல. நான் திரைகிட்ட போய்க் குனிஞ்சேன். பாதியில நிக்கற கோடுன்னு ஒண்ணை நான் கமிட்டிக்குக் காட்டினதே இல்ல. ஸார் சாவகாசமாத் திரும்பினார். 'ரெண்டாவதும் மூணாவதும் கசப்புன்னு வெச்சுப்போம். ஒரே மருந்து, ஒரே குழாய், இது ஏன் பாதியில நிக்குது? சோர்ந்து போச்சா?'

கோட்டைப் பாத்தேன். இந்த வடிவம் எனக்குத் தெரியும். கரீம் பாய் பிழிஞ்சு குடுத்த நாள்ல எல்லாம் இதுதான் வரும். கசப்பு தசைகிட்ட நேராவும் கொஞ்சம் பேசும், அதான் பாதி. மீதி பாதிக்குத் தூது போக ஆள் வேணும், இங்க அந்த ஆள் இல்ல. 'ஸார், இந்த வளையத்துல உள்தோல் இல்ல. யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க'ன்னேன். தைரியமா சொல்றியான்னார். சொல்றதென்ன, காட்டறேன்னேன். நாலு கிண்ணத்தையும் கழுவி, மறுபடி இறுக்கி, உள்தோல் இருந்தா மட்டும் வேலை செய்யற ஒரு மருந்து இருக்கு, அதை எல்லாத்துலயும் விட்டேன். மூணு கோடு எறங்கிச்சு. மூணாவது மட்டும் கல்லு மாதிரி நின்னுச்சு.

மௌசுமி-தி வாசல்லேர்ந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. ஸார் சொல்லித்தான், பஞ்சு நூலை உள்ள விட்டு ஒரே ஒரு வளையத்தை மட்டும் தேய்ச்சாங்களாம், எதைன்னு அவருக்கே தெரியாதாம். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க, கண்ணைத் துடைக்கறாங்களா கண்ணாடியைத் துடைக்கறாங்களான்னு தெரியலை. நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. அழலை, கும்பிடலை. கையைக் கட்டிட்டு நாலு கோட்டையும் பாத்துட்டு நின்னேன். அந்த ரெண்டாவது கோடு என்னோடது, அந்த மூணாவது கோடும் என்னோடதுதான்னு நெனச்சுகிட்டேன். இந்த ஊர்ல அன்னைக்கு என்னை விடப் பெரிய ஆள் யாரும் கிடையாது.

ஸார் கையெழுத்துப் போட்டார். கையுறையை ஒவ்வொரு விரலா உருவினார். வெராந்தா பக்கம் எட்டிப் பாத்துட்டு என்கிட்ட கேட்டார்: "இப்ப சந்தேஷ் சாப்பிடலாமாம்மா, இல்ல அதுக்கும் ஒரு கண்ட்ரோல் வேணுமா?"

ஆக, ஒரு ரத்தக்குழாய் தளர்றதுக்கு ஒரு சொட்டு கசப்பு போதும், ஒரு கமிட்டி தளர்றதுக்குத்தான் கசப்பு, கையுறை, சந்தேஷ், அப்புறம் என் வாய், இத்தனையும் வேண்டியிருக்கு.